போர்க்கால ரப்பர் பஞ்சமும் செயற்கை ரப்பரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் ஆசிய ரப்பர் கைவிட்டுப்போனபோது அமெரிக்கா என்ன செய்தது, அந்த மாற்று ரப்பர் எப்படித் தயாரானது, எங்கெல்லாம் சிக்கியது என்பதைப் பற்றித்தான் இங்கே பெரும்பாலும் பேசுகிறோம். ஜெர்மனி, சோவியத் யூனியன், இலங்கை, மலாயா ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும். தொடங்கும்முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். செயற்கை ரப்பர் அந்தப் போரில் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. வேதியியல் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எல்லா ஆலைகளும் ஒரே தரத்தில், லட்சக்கணக்கான டன் அளவில், இரண்டே ஆண்டுகளில் அதைச் செய்துகாட்டியதுதான் பெரிய வேலை.

தட்டுப்பாடு அவ்வளவு திடீரென்று எப்படி வந்தது?

உலகின் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் சரணடைந்தன. மூன்று மாதத்துக்குள் உலகின் முக்கியமான ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை எதிரியின் கையில்.

அபாயத்தை அமெரிக்கா முன்பே உணராமல் இல்லை. 1939இல் பருத்தியைக் கொடுத்து பிரிட்டனிடம் ரப்பர் வாங்கும் பண்டமாற்று ஒப்பந்தம் போட்டது. 1940 ஜூனில் ரப்பர் ரிசர்வ் கம்பெனி என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கிக் கையிருப்பைப் பெருக்கியது. ஆனால் கையிருப்பு என்பது நாளைக் கடத்த உதவுமே தவிர, புதிய ரப்பரைத் தராது. ரப்பர் மரம் நட்டு ஆறேழு ஆண்டு கழித்துத்தான் பால் தரும் என்பதால், வேறு இடத்தில் புதிதாக நட்டுச் சமாளிக்கவும் வழியில்லை.

உண்மையில் எவ்வளவு குறைந்தது?

இதற்கு மிக நம்பகமான கணக்கு, பெர்னார்ட் பாரூக் தலைமையிலான குழு 1942 செப்டம்பர் 10 அன்று கொடுத்த அறிக்கை. ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட்டும் எம்.ஐ.டி.யின் கார்ல் காம்ப்டனும் அதன் மற்ற இரு உறுப்பினர்கள். 1942 ஜூலை 1 அன்று கையிருப்பு 5,78,000 டன். 1944 ஜனவரி 1க்குள் இறக்குமதியாக எதிர்பார்த்தது 53,000 டன். ஆக மொத்தம் 6,31,000 டன். அதே காலத்தில் ராணுவத்துக்கும் அத்தியாவசியத் தேவைகளுக்கும் வேண்டியது 8,42,000 டன். பற்றாக்குறை 2,11,000 டன்.

இந்தக் கணக்கில் சாதாரண மக்களின் கார்களுக்கு ஒரு டயர்கூடச் சேர்க்கப்படவில்லை. அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் நெருக்கடியின் ஆழம் பலருக்கும் புரியும்.

ஒரு போருக்கு இத்தனை ரப்பர் எதற்கு?

டயர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு ஷெர்மன் டாங்கியில் சுமார் அரை டன் ரப்பர் இருந்தது. சக்கரத்தைச் சுற்றிய வளையம், பட்டைச் சங்கிலியின் பட்டைகள் எல்லாம் ரப்பர். பெரிய போர்க்கப்பல் ஒன்றில் ஏறத்தாழ 20,000 ரப்பர் பாகங்கள். ஒரு வீரனின் காலணி, உடை, தளவாடங்களுக்கு 32 பவுண்டு. இவற்றோடு எரிபொருள் குழாய்கள், மின்கம்பி உறை, குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் விமானப் பெட்ரோல் தொட்டி, வாயு முகமூடி, உயிர்காப்புப் படகு.

செயற்கை ரப்பரை முதலில் செய்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 1909இல் செயற்கை ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் கடல் முற்றுகையால் ரப்பர் இல்லாமல் தவித்த ஜெர்மனி, மெத்தில் ரப்பர் என்ற வகையைச் சுமார் 2,500 டன் செய்தது. மூலப்பொருளைத் தகர டிரம்மில் ஊற்றி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கெட்டியான வகை நீர்மூழ்கிக் கப்பலின் பேட்டரிப் பெட்டிக்கு ஒத்துவந்தது. டயருக்கு உதவவில்லை. காற்றுப் பட்டதும் கெட்டுப்போகும். போர் முடிந்ததும் உற்பத்தி நின்றது.

சோவியத் யூனியனில் செர்கே லெபெதேவ், ஆல்கஹாலிலிருந்து பியூட்டாடையீன் என்ற வாயுவை எடுத்து, உலோகச் சோடியத்தைக் கொண்டு அதை ரப்பராக்கினார். 1932இல் யாரோஸ்லாவலில் ஆலை ஓடத் தொடங்கியது. பெரிய தொழிலாக முதலில் நிலைத்தது இதுதான் என்பது எங்கள் கருத்து. அதற்குரிய பெயர் அதற்குக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் வால்டர் போக், எட்வர்ட் சுங்கூர் இருவரும் 1929இல் பியூட்டாடையீனோடு ஸ்டைரீன் என்ற திரவத்தைச் சேர்த்து பூனா-எஸ் என்ற ரப்பரைச் செய்தார்கள். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் காரதர்ஸ் குழுவினர் 1930இல் நியோபிரீன் செய்தார்கள். எண்ணெயும் வெயிலும் தாங்கக்கூடிய அருமையான பொருள். ஆனால் விலை அதிகம், டயருக்கென்று வந்ததும் அல்ல.

ஜி.ஆர்-எஸ் என்றால் என்ன?

அமெரிக்க அரசுத் திட்டத்தின் பொதுப்பயன் ரப்பருக்கு வைத்த பெயர். பூனா-எஸ் குடும்பம்தான். இன்று எஸ்.பி.ஆர். (ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பர்) என்று சொல்லும் ரப்பரின் போர்க்கால வடிவம்.

ஃபயர்ஸ்டோன், குட்ரிச், குட்இயர், யு.எஸ். ரப்பர் ஆகிய நான்கு கம்பெனிகளும் சந்தையில் கடும் போட்டியாளர்கள். இவர்களும் காப்புரிமை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனமும் 1941 டிசம்பர் 19 அன்று தகவல்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தன. 1942 மார்ச்சில் எல்லாருக்கும் பொதுவான ஒரே செய்முறை முடிவானது. ஏப்ரலில் ஃபயர்ஸ்டோன் முதல் பொதியை எடுத்தது. இந்தப் பொதுச் செய்முறையைத்தான் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு என்று சொல்லலாம். எந்த ஆலையிலிருந்து பொதி வந்தாலும் எந்த டயர் தொழிற்சாலையும் அதை எடுத்துக் கலக்க முடிந்தது.

அந்தச் செய்முறை என்ன?

எடைப்படி: பியூட்டாடையீன் 75 பங்கு, ஸ்டைரீன் 25, தண்ணீர் 180, சோப்பு 5, டோடெசில் மெர்காப்டன் (இதன் வேலை கீழே வரும்) 0.5, வினையைத் தொடங்கிவைக்கும் பொட்டாசியம் பெர்சல்பேட் 0.3. வெப்பம் 50 டிகிரி செல்சியஸ். நேரம் சுமார் 12 மணி. மணிக்கு ஏறக்குறைய 6 சதவீதம் ரப்பராக மாறும். 72 சதவீதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வேலை நடக்கும் விதம் இப்படி. உட்புறம் கண்ணாடி பூசிய 3,750 காலன் கலன். வெளியே தண்ணீர் ஓடும் உறை, நடுவே கலக்கி. முதலில் சோப்புக் கரைசல் போகும். பிறகு மெர்காப்டன் கரைந்த ஸ்டைரீன், அடுத்து பியூட்டாடையீன், வெப்பம் ஏறியபின் பெர்சல்பேட். பியூட்டாடையீன் சாதாரணமாக ஒரு வாயு, பூச்சியத்துக்குக் கீழே 4 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் திரவமாகவே வைத்திருக்கக் கலன் அழுத்தத்தில் இருக்க வேண்டும்.

சோப்பு மூலக்கூறுகள் தண்ணீருக்குள் கூட்டுச் சேர்ந்து நுண்ணிய திரள்களாக நிற்கும். பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து உருவாகும் ரப்பர்ச் சங்கிலி வளரத் தொடங்குவது அந்தத் திரள்களுக்குள்தான். வினையில் வரும் வெப்பத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் வாங்கி உறைக்குக் கடத்திவிடும். 12 மணி கழித்துக் கலனில் இருப்பது வெள்ளைப் பால். பால்மரத்தைச் சீவினால் வடிவதைப்போலவே இருக்கும்.

நிறுத்துவதற்கு ஹைட்ரோகுயினோன் 0.1 பங்கு. மீந்த பியூட்டாடையீனை அழுத்தம் குறைத்து ஆவியாக்கிப் பிடிப்பார்கள். ஸ்டைரீனை வெற்றிடத்தில் நீராவி செலுத்தி எடுப்பார்கள். இரண்டும் அடுத்த வேளைக்குத் திரும்பப் போகும். பிறகு பாலில் கெடாமல் காக்கும் மருந்து 1.25 பங்கு. உப்புக் கரைசலும் நீர்த்த கந்தக அமிலமும் விட்டால் பால் திரிந்து பொடித் துகளாகும். கழுவி, வெங்காற்றில் உலர்த்தி, 75 பவுண்டுப் பொதியாக அழுத்துவார்கள்.

72 சதவீதத்தில் ஏன் நிறுத்த வேண்டும்? மீதி வீணல்லவா?

வீணாகாது, மேலே சொன்னபடி திரும்பப் பிடித்துவிடலாம். அதைத் தாண்டி ஓடவிட்டால்தான் நஷ்டம். பியூட்டாடையீன் தீரத் தீர, வளரும் சங்கிலிக்குப் பக்கத்தில் புதிய மூலப்பொருளைவிட ஏற்கெனவே உருவான ரப்பர்தான் அதிகம் இருக்கும். சங்கிலி அதன்மீது பாய்ந்து கிளைவிடும், ஒன்றோடொன்று பிணையும். பிணைந்த பகுதி எந்தக் கரைப்பானிலும் கரையாது, உருளை இயந்திரத்தில் போட்டாலும் மசியாது. அப்படிப்பட்ட பொதியைக் கலவைக்குப் போட்டால் கட்டி கட்டியாகவே நிற்கும்.

அரை பங்கு மெர்காப்டன் என்ன செய்கிறது?

சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்துகிறது. வளரும் முனைக்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை முடித்துவைக்கும். தான் புதிய சங்கிலி ஒன்றைத் தொடங்கிவைக்கும். குறைத்தால் ரப்பர் தோல்போல விறைக்கும், கூட்டினால் பிசுபிசுக்கும். இந்தச் செய்முறையில் இன்னொரு விநோதமும் உண்டு. மெர்காப்டன் இல்லாமல் பெர்சல்பேட் மட்டும் போட்டால் வினை சரியாகக் கிளம்பவே கிளம்பாது. ஆரம்பத்தில் இதைத் தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு ஆல்கஹாலைக்கொண்டு செய்தார்கள். பிறகு பெட்ரோலியத்திலிருந்து வரும் வகைகள் வந்தன.

ஜெர்மானிய பூனா-எஸ் இந்த இடத்தில்தான் பின்தங்கியது. மிக விறைப்பான ரப்பர் என்பதால் டயர் தொழிற்சாலை அதைச் சூடான காற்றில் வைத்து மென்மையாக்கிய பிறகே கலக்க முடிந்தது. அமெரிக்கர்கள் அந்த வேலையைக் கலனுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள்.

ஆலைகளில் பொதுவாக எது தவறிப்போனது?

முதல் குற்றவாளி ஆக்ஸிஜன். கலனில் சிறிது காற்று தங்கினாலும் வினை மணிக்கணக்கில் தொடங்காமல் கிடக்கும். அடுத்தது சோப்பு. எந்தச் சோப்பும் ஆகும் என்று நினைத்தால் தவறு. லினோலியிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் அதிகமுள்ள சோப்பு வினையை மந்தமாக்கும். அதனால் சோப்பு செய்யும் கொழுப்புக்கே தனியாகத் தரக்கட்டுப்பாடு வைத்தார்கள். சேமிப்பில் கெடாமலிருக்க மூலப்பொருளில் சேர்க்கும் தடுப்பு மருந்தைக் காரநீரால் கழுவி எடுக்காமல் விட்டாலும் இதே தொல்லை.

ஆபத்தானது வேறொன்று. பியூட்டாடையீன் குழாய்களிலும் கோபுரங்களிலும் காற்றும் துருவும் சேர்ந்தால் பாப்கார்ன் என்று ஆலைக்காரர்கள் அழைத்த வெள்ளைப் பிசின் முளைக்கும். அது தானாகவே வளர்ந்துகொண்டிருக்கும், குழாயை அடைக்கும், இரும்பையே பிளந்துவிடும். நைட்ரைட் கரைசலால் கழுவித் துருவை அடக்கி, ஆக்ஸிஜனை அறவே வெளியேற்றுவதுதான் வழி.

பியூட்டாடையீன் தானியத்திலிருந்து வந்ததா, பெட்ரோலியத்திலிருந்தா?

இரண்டிலிருந்தும். அரசியல் சண்டையும் இதில்தான் நடந்தது. தொடக்கத் திட்டம் பெட்ரோலியத்தையே பெரிதும் நம்பியது. விவசாய மாநிலத்து உறுப்பினர்கள், செனட்டர் கய் ஜில்லட் முன்னின்று, உபரித் தானியத்திலிருந்து ஆல்கஹால் எடுத்து ரப்பர் செய்யத் தனி அமைப்பு வேண்டும் என்று மசோதாவை நிறைவேற்றினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் 1942 ஆகஸ்ட் 6 அன்று அதை நிராகரித்துவிட்டு பாரூக் குழுவை நியமித்தார்.

விவசாயிகள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதைப் பிறகு நடந்தவை காட்டின. பெட்ரோலிய வழிக்கு பியூட்டீன் என்ற வாயு வேண்டும். 100 ஆக்டேன் விமானப் பெட்ரோலுக்கும் அதே பியூட்டீன்தான் வேண்டும். விமானத்துக்குக் கொடுத்தால் டயர் இல்லை, டயருக்குக் கொடுத்தால் விமானம் பறக்காது. ஆலைகள் பெரியவை, கட்டவும் நாளாகும். ஆல்கஹால் வழிக்குத் தேவையான கருவிகள் எளியவை. விஸ்கி வடித்த ஆலைகள் தொழிற்சாலை ஆல்கஹாலுக்கு மாறின. மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிடியூட் என்ற ஊரில் ஆண்டுக்கு 90,000 டன் ரப்பருக்கான ஆலை 1943 மார்ச் இறுதியில் ஓடத் தொடங்கியது. 1943, 1944 இரண்டு ஆண்டுகளிலும் பியூட்டாடையீனில் பாதிக்கு மேல் ஆல்கஹாலிலிருந்தே வந்தது.

ஆல்கஹால் வழியில், ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடாக மாற்றி, மீதி ஆல்கஹாலோடு சேர்த்து, டான்டலம் ஆக்சைடு பூசிய சிலிக்கா மீது 350 டிகிரி அளவில் செலுத்துவார்கள். கணக்குப்படி 92 கிலோ ஆல்கஹாலுக்கு 54 கிலோ பியூட்டாடையீன் வர வேண்டும். நடைமுறையில் அதைவிடக் குறையும், செலவும் அதிகம். பெட்ரோலிய வழியில், பியூட்டீனை நிறைய நீராவியோடு கலந்து 650 டிகிரி அளவில் வினையூக்கி மீது விட்டு ஹைட்ரஜனைப் பிரிப்பார்கள். வரும் கலவையிலிருந்து பியூட்டாடையீனை மட்டும் செம்பு-அம்மோனியா கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். அமைதிக்காலத்தில் மலிவு இதுதான். அவசரத்துக்குக் கைகொடுத்தது ஆல்கஹால்.

ஸ்டைரீன்?

அதில் பெரிய தொல்லை இல்லை. பென்சீனோடு எத்திலீன் சேர்த்து எத்தில்பென்சீன், அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தால் ஸ்டைரீன். டவ் கம்பெனிக்கு முன்பே கைவந்த வேலை.

வந்த ரப்பரை டயர் தொழிற்சாலைகள் அப்படியே பயன்படுத்த முடிந்ததா?

இல்லை. பழக்கமான கை வேலைகள் பலவற்றை மாற்ற வேண்டியிருந்தது.

இயற்கை ரப்பரை உருளைகளுக்கிடையே விட்டு அரைத்தால் சங்கிலிகள் அறுந்து சீக்கிரம் மசியும். ஜி.ஆர்-எஸ் அப்படி இளகாது, உருளையில் சுருங்கிச் சொரசொரப்பாகும், கலக்கும்போது அதிகம் சூடேறும். இதனால் கலக்கும் நேரமும் மின்சாரமும் கூடின. இருக்கிற இயந்திரங்களைக் கொண்டு முன்போல டயர் எடுக்க முடியவில்லை.

ஒட்டும் தன்மை இன்னொரு சிக்கல். டயர் கட்டும்போது ஓர் அடுக்கின்மேல் அடுத்த அடுக்கைக் கையால் அழுத்தினால், இயற்கை ரப்பர் தானே பிடித்துக்கொள்ளும். ஜி.ஆர்-எஸ் பிடிக்காது, இணைப்பு வாய் பிளக்கும். இயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்த பசையைப் பூசித்தான் ஒட்டினார்கள். சேமிப்பில் இருந்த இயற்கை ரப்பரில் ஒரு பங்கு இந்தப் பசைக்கே போனது.

டயர் மேல்பட்டைக் கலவை ஏறக்குறைய இப்படி இருந்தது: ஜி.ஆர்-எஸ் 100 பங்கு, கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் 50, துத்தநாக ஆக்சைடு 5, இளக்கி 5, கந்தகம் 2, முடுக்கி ஒன்று முதல் ஒன்றரை. இயற்கை ரப்பருக்குக் கந்தகம் 3 அளவில் போடுவார்கள். அதே அளவை இதற்கும் போட்டால் சில காலத்தில் விறைத்து வெடிக்கும். கந்தகத்தைக் குறைத்தால் ரப்பர் சூட்டில் வெந்து உறுதிப்படும் வேகம் குறையும், அதை ஈடுகட்டத்தான் முடுக்கியைக் கூட்டினார்கள்.

கார்பன் பிளாக் இல்லாமல் செய்ய முடியாதா?

முடியாது. இயற்கை ரப்பரின் சங்கிலி முழுக்க ஒரே ஒழுங்கில் அமைந்தது. இழுத்தால் சங்கிலிகள் வரிசையாகி அந்த இடத்தில் படிகமாகும். கிழிசல் தொடங்கும் நுனியில்தான் இழுப்பு அதிகம், அங்கேயே ரப்பர் தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்கிறது. ஜி.ஆர்-எஸ் சங்கிலியில் ஸ்டைரீன் ஒழுங்கில்லாமல் வந்து சேர்வதால் படிகம் உருவாக இடமே இல்லை. எதுவும் கலக்காத ஜி.ஆர்-எஸ்ஸின் இழுவலிமை, இயற்கை ரப்பரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கார்பன் பிளாக் சேர்த்ததும் நிலைமை தலைகீழாகும். மேல்பட்டைத் தேய்மானத்தில் இயற்கை ரப்பரோடு போட்டிபோடும்.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி விரியும்போது உள்ளே தங்கும் சூடு இதில் அதிகம். காருக்கு அது பொறுக்கும். தடித்த லாரி டயரில் சூடு வெளியேற வழியில்லாமல் அடுக்குகள் பிரிந்து வெடித்தது. பருத்தி நூலுக்குப் பதில் சூடு தாங்கும் ரேயான் நூல் வந்தது இதனால்தான். பெரிய லாரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பர் கலப்பதைப் போர் முடியும்வரை கைவிடவில்லை.

உள் டியூபுக்கும் இதே ரப்பரா?

அதற்கு மேலானது பியூட்டில். ஸ்டாண்டர்ட் ஆயிலில் ராபர்ட் தாமஸும் வில்லியம் ஸ்பார்க்ஸும் 1937இல் உருவாக்கியது. ஐசோபியூட்டிலீனோடு 2 அல்லது 3 சதவீதம் ஐசோபிரீன், மெத்தில் குளோரைடில் கரைத்து, பூச்சியத்துக்குக் கீழே 95 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து அலுமினியம் குளோரைடு விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் ரப்பராகிவிடும். அந்தக் குளிரைக் காப்பதுதான் ஆலையின் முழுப் போராட்டம். காற்றை வெளியே விடாமல் பிடித்துவைப்பதில் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு சிறந்தது. தொழிற்சாலையில் ஒரு எச்சரிக்கை: இயற்கை ரப்பரோ ஜி.ஆர்-எஸ்ஸோ துளி கலந்தாலும் பியூட்டில் சரியாக வேகாது. இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே இதைக் கலக்க வேண்டும்.

பழைய ரப்பர் சேகரித்தது உண்மையில் பயன்பட்டதா?

ஓரளவுக்கு. 1942 ஜூன் 15 தொடங்கி நடந்த சேகரிப்பில் பவுண்டுக்கு ஒரு சென்ட் விலையில் மக்கள் சுமார் 4,50,000 டன் கொண்டுவந்து கொட்டினார்கள். பழைய டயர், தோட்டக் குழாய், மழைக் காலணி எல்லாம். இதை அரைத்து, காஸ்டிக் சோடா கரைசலில் 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மணிக்கணக்கில் அழுத்தத்தோடு வேகவைத்தால் பருத்தி நூல் கரைந்துபோகும், ரப்பர் மீண்டும் மசியும் நிலைக்கு வரும். ஆனால் அறுந்த சங்கிலி பழையபடி நீளாது. இப்படிச் செய்த டயர் மெதுவாக ஓட்டினால் மட்டும் தாக்குப்பிடிக்கும். புதிய ரப்பர் வரும்வரை காலம் தள்ள அதுவும் உதவியது.

போரின் பிற்பகுதியில் குப்பையில் ஜி.ஆர்-எஸ் கலக்கத் தொடங்கியதும் புதிய தலைவலி. காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அது இளகுவதற்குப் பதில் விறைக்கும். தனியாகப் பிரித்தெடுத்து வேறு முறையில்தான் மீட்க வேண்டும்.

பெட்ரோல் ரேஷன் வைத்தது ரப்பருக்காகவா?

ஆம். 1942 டிசம்பர் 1 முதல் அமெரிக்கா முழுவதும் வந்த ரேஷனின் முதன்மை நோக்கம் டயர் தேய்வதைக் குறைப்பது. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த மாநிலங்களிலும் ரேஷன் வந்ததால் மக்கள் கோபப்பட்டார்கள். பாரூக் குழுவின் கணக்கு எளிமையானது: ஓட்டத்தைக் குறைக்காவிட்டால் செயற்கை ரப்பர் வருவதற்குள் நாட்டின் கார்கள் நின்றுவிடும், ஆலைக்கு ஆள் வரமாட்டார்கள். வேக வரம்பு மணிக்கு 35 மைல். ஒரு காருக்கு ஐந்து டயர்தான், மிச்சத்தை அரசிடம் விற்றுவிட வேண்டும். ரப்பர் இயக்குநராக வந்த வில்லியம் ஜெஃபர்ஸ், யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர். ஆலைகளுக்கு வேண்டிய இரும்பையும் கருவிகளையும் ராணுவத்தோடு மல்லுக்கட்டியே வாங்கினார்.

வேறு செடிகளில் ரப்பர் எடுக்க முயன்றார்களா?

கலிபோர்னியாவில் சலீனாஸை மையமாகக்கொண்டு குவாயூலே என்ற பாலைவனப் புதரை ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்த்தார்கள். முற்ற ஆண்டுகள் ஆகும் என்பதால் போருக்குக் கிடைத்தது சொற்பம். சோவியத் யூனியன் கசகஸ்தானில் கண்டெடுத்த கோக்-சாகிஸ் என்ற செடியின் வேரிலிருந்து ரப்பர் எடுத்தது. பிரேசில், வறண்ட வடகிழக்கிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ரப்பர் சிப்பாய்கள் என்ற பெயரில் அமேசான் காட்டுக்கு அனுப்பியது. மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கிடைத்த ரப்பரோ தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இலங்கை, மலாயாத் தோட்டங்களில் என்ன நடந்தது?

மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய ரப்பர் நாடு இலங்கை. சாதாரணமாகப் பட்டையை அரைச் சுற்றாக, ஒருநாள் விட்டு ஒருநாள், மிக மெல்லிய சீவலாக எடுப்பார்கள். எடுத்த இடத்தில் பட்டை மறுபடி வளர ஏழெட்டு ஆண்டு வேண்டும். போர்க்காலத்தில் முதிர்ந்த மரங்களை ஓய்வில்லாமல், ஒரே நேரத்தில் பல இடங்களில் வெட்டிப் பால் எடுத்தார்கள். மரம் செத்தாலும் சரி என்று செய்த வெட்டு அது. போருக்குப் பின் பல தோட்டங்களில் மறுநடவு செய்யாமல் வழியில்லை. 1952இல் இலங்கை சீனாவோடு அரிசி-ரப்பர் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்கியது.

மலாயாவில் கதை இன்னும் கொடியது. ஜப்பானுக்கு அத்தனை ரப்பர் தேவைப்படவில்லை, விற்கச் சந்தையும் இல்லை. தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி வரத்தும் நின்றது. பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் காலராவிலும் பசியிலும் அங்கேயே மடிந்தார்கள். போர்க்கைதிகளின் சாவு எண்ணி எழுதப்பட்டதுபோல இவர்களின் சாவு எழுதப்படவில்லை. ரப்பர் வரலாறு எழுதுபவர்கள் இவர்களை விட்டுவிடக் கூடாது.

ஜெர்மனி இந்தப் போட்டியில் என்ன ஆனது?

நிலக்கரியிலிருந்து கால்சியம் கார்பைடு, அதிலிருந்து அசெட்டிலீன், பிறகு படிப்படியாக பியூட்டாடையீன் என்ற நீண்ட வழி அவர்களுடையது. மின்சாரத்தைக் கொட்டிக்குடிக்கும். ஷ்கோபாவ், ஹியூல்ஸ், லுட்விக்ஷாஃபன் ஆலைகள் 1943இல் உச்சத்தை எட்டின. மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைச் சற்றே தாண்டியது. நான்காவது ஆலையை ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் வேதியியல் நிறுவனம் அவுஷ்விட்ஸ் பக்கத்தில் மோனோவிட்ஸில் வதைமுகாம் கைதிகளைக்கொண்டு கட்டியது. ஆயிரமாயிரம் பேர் அந்தக் கட்டுமானத்தில் செத்தார்கள். ஒரு பொதி பூனாகூட அங்கிருந்து வெளிவரவில்லை.

அமெரிக்கா கடைசியில் எவ்வளவு செய்தது?

1941இல் பொதுப்பயன் செயற்கை ரப்பர் 231 டன். 1945இல் மாதத்துக்குச் சுமார் 70,000 டன். அரசு போட்ட முதலீடு சுமார் 70 கோடி டாலர். ஆலைகளை அரசு 1955இல் தனியாருக்கு விற்றது.

போருக்குப் பின் ரப்பரின் தரம் கூடியதா?

கூடியது. 50 டிகிரிக்குப் பதில் 5 டிகிரியில் வினை நடத்தினால் கிளைகள் குறைந்து சங்கிலி நேராக வளரும், டயர் நீண்டநாள் உழைக்கும். அவ்வளவு குளிரில் பெர்சல்பேட் வேலை செய்யாது. கியூமீன் ஹைட்ரோபெராக்சைடும் இரும்பு உப்பும் சேர்ந்த புதிய தூண்டல் முறை 1940களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தபின்தான் இது முடிந்தது. நிறுத்தும் இடமும் 60 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்தியாவில் இந்த ரப்பர் 1963இல் பரேலியில் தொடங்கியது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வரும் ஆல்கஹாலே அங்கும் பியூட்டாடையீனுக்கு மூலப்பொருளாக இருந்தது.

இப்போது இயற்கை ரப்பர் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியாது. உலகில் பயன்படும் ரப்பரில் பாதிக்குச் சற்றுக் குறைவு இன்றும் மரத்திலிருந்துதான் வருகிறது. இயற்கை ரப்பரின் அதே ஒழுங்கில் சங்கிலியைக் கோக்கும் முறையை 1950களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் கண்டுபிடித்தன. அந்தப் பொருள் மிக நெருங்கி வந்தாலும், இழுக்கும்போது படிகமாவதில் மரத்து ரப்பருக்கு ஒரு படி கீழேதான். விமானம் தரையிறங்கும் அந்த நொடியில் டயர் தாங்க வேண்டிய சூட்டுக்கும் கிழிசலுக்கும் இன்னும் இயற்கை ரப்பரையே நம்புகிறார்கள். கனரக லாரி டயரிலும் அதன் பங்கே பெரிது. கார் டயரின் மேல்பட்டையில் மட்டும், 1942இல் வகுத்த அந்தக் குடும்பத்து ரப்பர் முன்னிலையில் நிற்கிறது.